ஆறு பேர் சுமந்த பல்லக்கு!

தோழனே!

பல்லக்கில் பவனி வருபவரை ஊரே பார்க்கும். அவர் தலையிலே தலைப்பாகை, தோளிலே பட்டு, இதழிலே இளநகை! சுமந்து வருவோரின் தோளிலே காய்த்திருக்கும் காய்ப்பைப் பார்ப்பார் எவருமில்லை. சுமப்பது அவர்களுக்குப் பிழைப்பு. பழிக்கவேண்டிய தொழிலும் அன்று. ஆனால், "பல்லக்கைக் கவிழ்ப்பேன், பாதையை மறிப்பேன், பாட்டாளியைப் பீடத்திலே ஏற்றுவேன்" என்று சூளுரைத்துப் புறப்பட்டவர், பாதி வழியிலே பல்லக்குக்குத் தோள் கொடுத்து, அதன் பின்னாலேயே தமக்கும் ஒரு சிறு ஆசனம் பெற்றுக்கொண்டால்? அந்தக் கதையை அறிந்திட வேண்டாமா?

அந்தக் கதைக்கு ஒரு பெயர் உண்டு: மாணிக்கவேலு நாயக்கர். அவர் கட்சிக்கும் ஒரு பெயர் இருந்தது: காமன்வீல் கட்சி. தமிழிலே சொன்னால் பொதுநலக் கட்சி! பெயரைப் பார், தோழனே! எத்துணை இனிமை! பொதுநலம் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தப் பிள்ளை எத்தனை நாள் உயிரோடிருந்தது என்பதைத்தான் இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

அவர் மறைந்துவிட்டார். மறைந்தவர்மீது மண் வாரித் தூற்றுவது நமது மரபல்ல. ஒருவரது இல்வாழ்க்கையை நாம் தொடவில்லை, பொதுவாழ்க்கையைத்தான் தொடுகிறோம். பொதுவாழ்க்கை பொதுமக்களின் சொத்து. அதைப் புரட்டிப் பார்க்கும் உரிமை, அன்று வாக்களித்த உழவனின் பேரனுக்கும் உண்டு, பேத்திக்கும் உண்டு.

1951! வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அறிவிப்பு, குடிசை வாயிலிலே முதன்முதலாக வந்து நின்ற நேரம். வட ஆற்காட்டிலே, தென் ஆற்காட்டிலே, செங்கற்பட்டிலே, சேலத்திலே, ஏரிக்கரை தோறும் வன்னியப் பெருங்குடி மக்கள். கடலைக் கொடி பிடுங்கிய கை. கரும்பு வெட்டிய கை. ஏற்றம் இறைத்த கை. எண்ணிக்கையிலே ஏராளம், ஆட்சிப் பீடத்திலோ இடம் அரிது. படிப்பிலே பின் வரிசை; உத்தியோகத்திலே கடைசி வரிசை; காங்கிரஸ் கட்சியின் வேட்பாளர் பட்டியலிலே வரிசையே இல்லை என்னும் நிலை. அந்தக் குமுறல் பொய்யன்று, பொருமல் போலியன்று. அந்தக் கனலிலிருந்துதான் இரண்டு கட்சிகள் பிறந்தன. ஒன்று, ராமசாமிப் படையாட்சியார் தலைமையிலே தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. மற்றொன்று, மாணிக்கவேலு நாயக்கர் தலைமையிலே காமன்வீல் கட்சி.

திராவிட முன்னேற்றக் கழகம் அப்போது தேர்தல் களத்திலே நேரடியாக இறங்கவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஆதரிப்போம், கழகத்தின் கருத்தைச் சட்டமன்றத்திலே எடுத்துரைப்போம் என்று உறுதி கூறிக் கையொப்பமிடும் வேட்பாளர்க்கே ஆதரவு என்று அறிவித்தது. அந்த ஆதரவு இந்த இரு கட்சிகளுக்கும் கிடைத்தது. கழக மேடைகள் அவர்களுக்காக முழங்கின. கழகத் தோழன் தனக்கென்று ஒரு வாக்குக்கூடக் கேளாமல், அடுத்தவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினான்.

அந்தத் தேர்தல் நடந்த விதத்தை நீ அறிந்திருக்க வேண்டும். இன்றுபோல் இயந்திரம் இல்லை. எல்லாச் சின்னமும் அச்சிட்ட ஒரே தாளும் இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு பெட்டி; பெட்டியின்மீது அவரது சின்னம். மறைப்புக்குள்ளே செல்லும் வாக்காளன், தான் விரும்பும் பெட்டியிலே சீட்டைப் போடவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத உழவன் உள்ளே போகிறான். அங்கே காங்கிரஸின் பெட்டி நிற்கிறது, நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளைச் சின்னத்தோடு. அவன் வீட்டிலே உள்ள காளை. அன்றாடம் தொட்டுத் தடவும் காளை. காந்தியார் பெயரையும் நேரு பெயரையும் சுமந்து வந்த காளை! ஆயினும் அவன் அந்தப் பெட்டியைத் தாண்டிச் சென்றான். தாண்டிச் சென்று, தன் கட்சியின் பெட்டியிலே சீட்டைப் போட்டான். "காங்கிரஸ் வேண்டாம்" என்பதை அவன் வாயால் சொல்லவில்லை, தோழனே, காலால் நடந்து காட்டினான். கையால் போட்டுக் காட்டினான்!

முடிவு வந்தது. 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்திலே காங்கிரஸ் பெற்றவை 152. பெரும்பான்மைக்கு வேண்டியவை 188. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். அமைச்சர் பக்தவத்சலனாரும் தோற்றார். உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீலுக்கு 6. நாடாளுமன்றத்துக்கும் முன்னது நால்வரையும் பின்னது மூவரையும் அனுப்பிற்று. ஏழைக் குடிசையிலிருந்து எழுந்த தீர்ப்பு கோட்டையின் கதவைத் தட்டிற்று.

அடுத்த காட்சியைக் காண்போம். நாடகம் எழுதுகிறவன் நான்; என் கற்பனைக்கு எட்டாத திருப்பம் அது! பிரகாசம் தலைமையிலே எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி, ஆட்சி அமைக்க உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலே நிற்காத, எந்தப் பெட்டியிலும் எவரும் சீட்டுப் போடாத ஆச்சாரியாரை மேல்சபைக்கு நியமன உறுப்பினராக்கி, ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10 அன்று ஆச்சாரியார் முதலமைச்சரானார். 152 எங்கே, 188 எங்கே! இடையிலே இருந்த பள்ளத்தைத் தூர்க்க மண் தேவைப்பட்டது. பல்லக்கு தயார்; தூக்குவதற்குத் தோள் தேவைப்பட்டது.

தோள் கிடைத்தது! காமன்வீல் கட்சியின் ஆறு பேர் ஆதரவு தந்தனர். கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் ஆச்சாரியாரின் அமைச்சரவையிலே நிலவருவாய்த் துறை அமைச்சரானார். 1952 ஜூலை 3 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு: ஆதரவு 200, எதிர்ப்பு 151. காங்கிரஸ் பெட்டியைத் தாண்டிச் சென்று வாக்களித்தானே உழவன், அவன் போட்ட சீட்டு கோட்டைக்குள்ளே காங்கிரஸ் பெட்டியிலே போய் விழுந்தது. அவன் கையிலிருந்து வாங்கியது எதிர்ப்பு. கோட்டையிலே விற்றது ஆதரவு. இந்த வாணிகத்திலே முதல் அவனுடையது, இலாபம் வேறொருவருடையது!

"கூட்டணி ஆட்சி உலகிலே இல்லாததா? கட்சிகள் சேர்வதும் பிரிவதும் அரசியலிலே சகஜந்தானே?" என்று கேட்பர். சேரலாம், தோழனே, தாராளமாகச் சேரலாம். தேர்தலுக்கு முன் "இன்னாரோடு சேர்ந்து நிற்கிறோம்" என்று மக்களிடம் சொல்லிச் சேரலாம். தேர்தலுக்குப் பின் மனம் மாறினால், மக்கள் தந்ததை மக்களிடமே திருப்பிக் கொடுத்து, மறுபடி கேட்டுப் பெற்றுச் சேரலாம். அப்படிச் செய்தவரும் இந்நாட்டிலே உண்டு. 1948இல் ஆச்சாரிய நரேந்திர தேவரும் அவரது சோஷலிஸ்டுத் தோழர்களும் காங்கிரசை விட்டு வெளியேறியபோது, ஐக்கிய மாகாணச் சட்டமன்றப் பதவிகளையும் துறந்தனர். காங்கிரஸ் தந்த இடம் காங்கிரசுக்கே என்று விட்டுவிட்டு, இடைத்தேர்தலிலே மக்கள் முன் நின்றனர். தோற்றார் நரேந்திர தேவர்! தோற்றவர் பெயரை இன்றும் தலை நிமிர்ந்து சொல்கிறோம். வென்றவரெல்லாம் பெரியவருமல்லர், தோற்றவரெல்லாம் சிறியவருமல்லர்.

சரி, அமைச்சரானார், ஆனபின் அந்த ஏழை மக்களுக்காகவேனும் அமைச்சரவையிலே ஆர்ப்பரித்தாரா? 1953ஐப் பார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பள்ளி. மற்ற நேரம் பிள்ளை தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும். நகரத்துப் பிள்ளைக்கு முழு நேரப் படிப்பு. கிராமத்துப் பிள்ளைக்கு அரை வயிற்றுக் கஞ்சிபோல் அரை நேரப் படிப்பு! தமிழ்நாடு அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டது. குலக்கல்வியால் எவன் மகன் கலப்பையோடு கட்டுண்டு கிடந்திருப்பான்? வழக்கறிஞர் மகனா? வட ஆற்காட்டுக் கடலைக் கொல்லையிலே களை பறித்தவளின் மகன்! காமன்வீல் பெட்டியைத் தேடிச் சென்று சீட்டுப் போட்டவனின் மகன்!

நாடு கொதித்தது. பெரியார் போர்க்கொடி உயர்த்தினார். கழகம் மும்முனைப் போராட்டம் நடத்திற்று. சட்டமன்றத்திலே 1953 ஜூலையில், திட்டத்தைக் கைவிட வேண்டுமென்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 138, எதிர்ப்பு 138! தராசின் முள் நடுவிலே நின்று நடுங்கிற்று. அந்தத் தீர்மானம் நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழு ஆராய வேண்டுமென்ற மற்றொரு தீர்மானமே 139க்கு 137 என்று வென்றது. ஒரே ஒரு கை, தோழனே! ஒரே ஒரு கை இந்தப் பக்கம் உயர்ந்திருந்தால் குலக்கல்வி அன்றே குழிக்குள் போயிருக்கும். எதிர்க்கட்சி வரிசையிலே அமர்வதற்காக மக்கள் அனுப்பிய காமன்வீல் கட்சியின் தலைவர், அந்நேரத்திலே எங்கே அமர்ந்திருந்தார்? அமைச்சர் வரிசையிலே! அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. உடன்பட முடியாதவன் வெளியேறலாம், வழி அடைபட்டிருக்கவில்லை. அவர் வெளியேறவில்லை.

இதற்குப் பிறகுதான் இந்த நாடகத்தின் இனிய காட்சி! 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் விலகினார். ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்திலேயே குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. திட்டம் கொண்டுவந்த அமைச்சரவையிலும் மாணிக்கவேலு நாயக்கர். திட்டத்தை ஒழித்த அமைச்சரவையிலும் மாணிக்கவேலு நாயக்கர்! பிறந்தநாள் விருந்திலும் அவர். கருமாதிப் பந்தலிலும் அவர்! முதல்வர் மாறினார், கொள்கை மாறிற்று, திட்டம் மடிந்தது. மாறாதிருந்தது ஒன்றே ஒன்று: அந்த நாற்காலி.

அதே 1954இல் உழைப்பாளர் கட்சித் தலைவர் ராமசாமிப் படையாட்சியாரும் காமராசர் அமைச்சரவையிலே இடம்பெற்றார். இரண்டு கட்சிகளும் காங்கிரசிலே கரைந்தன. இரண்டு பேருக்கும் அமைச்சர் பதவி. இரண்டு கட்சிகளுக்கும் ஈமக் கடன். படையாட்சியாருக்கு ஒரு நியாயம் சொல்வர்: அவர் ஆச்சாரியார் அமைச்சரவையில் சேரவில்லை, காமராசர் வந்த பின்னரே சேர்ந்தார் என்பர். வேறுபாடு உண்மைதான், மறைக்கமாட்டேன். காமராசர் நல்லாட்சி தந்தார் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் நல்லவரை ஆதரிப்பதற்குக் கட்சியைக் கலைக்கவேண்டுமா? வெளியிலிருந்து ஆதரிக்கலாகாதா? குலக்கல்வியை ஒழித்ததற்காகப் பெரியார் காமராசரை ஆதரித்தாரே! பதவியா கேட்டார்? கழகத்தையா கலைத்தார்? ஆதரவு வேறு, அடைக்கலம் வேறு, தோழனே!

"அமைச்சராக இருந்து நன்மை செய்தாரே!" என்று வாதிடுவோரும் உளர். கணக்கைப் பார்ப்போம். 1962 வரை வருவாய்த் துறை அவர் வசம். அவர் பொறுப்பிலிருந்த காலத்திலேதான் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது உண்மை, பாராட்டுவோம். ஆனால் வரம்பு எவ்வளவு? ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்! அதற்கும் மேலே தோட்டம், தோப்பு, அறக்கட்டளை என்று அடுக்கடுக்காக விலக்கு. ஏர் பிடித்தவன் காத்திருந்தான். ஏட்டிலே எழுதியவன் தப்பித்தான். கழக ஆட்சி வந்து 1970இல் அந்த வரம்பை 15 ஏக்கராகக் குறைக்க வேண்டியிருந்தது. உழவனின் கட்சிக்குத் தலைவராயிருந்தவர், உழவனின் துறையையே கையில் வைத்திருந்தும், உழவனுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று நீயே அளந்து பார்.

பிறகு 1964 முதல் 1970 வரை அவர் மேல்சபையின் தலைவர். கட்சித் தலைவர், அமைச்சர், அவைத் தலைவர் என்று படிப்படியாக ஏறினார். அவரை ஏற்றிவிட்ட மக்கள் எத்தனை படி ஏறினார்கள்?

இதற்கு விடை 1987இல் கிடைத்தது. இரத்தத்திலே எழுதிய விடை! கல்வியிலும் வேலையிலும் இடம் வேண்டுமென்று வன்னியர் சங்கத்தார் செப்டம்பரில் ஒரு வாரம் சாலைமறியல் நடத்தினர். துப்பாக்கிகள் முழங்கின, 21 உயிர்கள் பறிபோயின. 1951இலே கேட்டதைத்தானே 1987இலும் கேட்டார்கள்? 1954இலே இரண்டு நாற்காலிகளால் அந்தக் குறை தீர்ந்திருந்தால், 33 ஆண்டுகள் கழித்து 21 பேர் மார்பிலே குண்டு பாய்ந்திருக்குமா? 1989இல் கழக ஆட்சி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 20 விழுக்காடு ஒதுக்கிய பிறகுதான் கதவு சற்றே திறந்தது. தலைவர் ஒருவருக்குக் கிடைக்கும் பதவி, சமுதாயத்துக்குக் கிடைத்த உரிமையாகாது. மாலை விழுந்தது அவர் கழுத்திலே. பசி இருந்தது இவர்கள் வயிற்றிலே!

எதிரணித் தோழர்கள் நம்மை மடக்க ஒரு கேள்வி வைத்திருப்பர்: "நீங்களுந்தானே 1963இல் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டீர்கள்? உறுதிமொழி மீறுவது உங்களுக்கு மட்டும் ஆகுமோ?" நேருக்கு நேர் விடை சொல்வோம். அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தது. பிரிவினை கேட்பவன் தேர்தலிலே நிற்க முடியாதென்று ஆயிற்று. கழகம் ஊரறியக் கூறிக் கைவிட்டது. கைவிட்டதற்குக் கூலியாக எந்த அமைச்சர் பதவியையும் பெறவில்லை. எதிர்க்கட்சி வரிசையிலேயே இருந்தது, சிறைக்கும் சென்றது, 1967இல் மக்களிடம் சென்று தீர்ப்புக் கேட்டது. கொள்கையை மாற்றிக்கொண்டு மக்களிடம் போவது ஒன்று. மக்களை மாற்றிவிட்டுப் பதவியிடம் போவது மற்றொன்று. இரண்டும் ஒன்றென்பவன், கடன் வாங்கியவனையும் களவெடுத்தவனையும் ஒரே கூண்டிலே நிறுத்துகிறான்.

தேர்தலிலே நிற்கலாமா என்ற முடிவைக் கழகம் எடுத்த முறையையும் நினைத்துப் பார். 1956 திருச்சி மாநாட்டிலே, பெட்டி வைத்து, திரண்டு வந்தோரின் வாக்கைக் கேட்டு முடிவெடுத்தார் அண்ணா. தேர்தலில் நிற்பதற்கே பெட்டி வைத்துக் கேட்டது ஒரு கட்சி. பெட்டியிலே விழுந்த வாக்கையே கேளாமல் இடம் மாற்றிற்று இன்னொரு கட்சி. 1957இல் முதன்முறையாகக் களம் இறங்கிய கழகத்துக்குச் சட்டமன்றத்திலே 15 இடங்கள், நாடாளுமன்றத்திலே இரண்டு. அந்த இரண்டில் ஒன்று எது தெரியுமா? திருவண்ணாமலை! வட ஆற்காட்டு மண் தந்த பதில் அது. ஏமாற்றப்பட்டவன் ஊமையல்லன், தோழனே. அடுத்த தேர்தல் வரை காத்திருக்கத் தெரிந்தவன்.

"பழங்கதை ஏன் இன்று?" என்பாய். பழங்கதையா இது? கட்சித் தாவலைத் தடுக்க 1985இல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தம் வந்தது. 2003இல் 91ஆவது திருத்தம் அதை இறுக்கிற்று. ஓட்டை அடைபட்டதா? தனியொருவன் தாவினால் பதவி போகும். சட்டமன்றக் கட்சியிலே மூன்றில் இரண்டு பங்கினர் கூடி "இணைந்துவிட்டோம்" என்றால் பதவி நிலைக்கும்! ஒருவன் ஓடினால் குற்றம். கும்பலாக ஓடினால் கொள்கை! ஆறு பேரிலே நால்வர் போதும் என்கிறது இன்றைய சட்டக் கணக்கு.

கோவாவைப் பார். 2019 ஜூலையில் 15 காங்கிரஸ் உறுப்பினரிலே 10 பேர் பாரதிய ஜனதாவிலே ஒரே நாளில் கரைந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் யார்? எதிர்க்கட்சித் தலைவர் சந்திரகாந்த் கவ்லேகர்! காலையிலே எதிர்த்தவர் சில நாளிலே துணை முதலமைச்சர். அதே கோவாவில் 2022 தேர்தலுக்கு முன், தாவமாட்டோம் என்று காங்கிரஸ் வேட்பாளர்கள் கோயிலிலே சத்தியம் செய்தனர், சிலுவை முன் சத்தியம் செய்தனர், தர்காவிலே சத்தியம் செய்தனர். செப்டம்பரில் 11 பேரிலே 8 பேர் பறந்துவிட்டனர். முன்னாள் முதலமைச்சர் திகம்பர் காமத்தும் அவர்களிலே ஒருவர். இது ஒரு கட்சி மட்டும் ஆடும் ஆட்டமும் அன்று. தெலங்கானாவில் 2019 ஜூனில் 18 காங்கிரஸ் உறுப்பினரிலே 12 பேர், அன்று ஆட்சியிலிருந்த தெலங்கானா இராஷ்டிர சமிதியிலே கரைந்தனர். ஊர் வேறு, கொடி வேறு, ஆண்டு வேறு, பல்லக்கு ஒன்றே!

சத்தியம் காக்காததைச் சட்டம் காக்குமா? முழுதும் காக்காது. விழிப்புள்ள தொண்டன் காப்பான். வினாக் கேட்கும் வாக்காளன் காப்பான். ஆகவே உன்னிடம் வேண்டுவது இது. எந்தக் கட்சித் தலைவன் உன் வாயிலுக்கு வந்தாலும், நம் கட்சித் தலைவனே வந்தாலும், மூன்று கேள்விகள் கேள். "நாங்கள் தருவது உங்களுக்கா, கொள்கைக்கா? கொள்கை மாறினால் எங்களிடம் திரும்பி வருவீரா? உமக்குக் கிடைக்கும் பதவியால் எங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது யாது?" விடை சொல்பவனுக்கு வாக்களி, விழிப்பவனுக்கு வழியனுப்பு.

மாணிக்கவேலு நாயக்கர் ஏறிய நாற்காலிகளில் கடைசி நாற்காலி மேல்சபைத் தலைவர் நாற்காலி. அந்த மேல்சபையே 1986இல் கலைக்கப்பட்டுவிட்டது. நாற்காலியும் இல்லை, அது இருந்த அவையும் இல்லை. ஆனால் 1952இலே இரட்டைக் காளைப் பெட்டியைத் தாண்டிச் சென்றானே அந்த உழவன், அவன் வழியில் வந்தவர்கள் இன்றும் ஏரிக்கரையிலே இருக்கிறார்கள். அவர்கள் தோளிலே இனி எந்தப் பல்லக்கும் ஏறாதிருக்கட்டும்!

நிமிர்ந்து நில், தோழனே! தோள் நம்முடையது!